கிணற்றடியில் இரண்டு எண்ணெய்ப் பரல்கள்

சென்ற கிழமை ஈஸ்ட்ஹாம் கடைத்தெருவில் பழைய அன்பர் ஒருவரைச் சந்தித்தோம். உடுவிலில் தோட்டஞ் செய்யும் தம்பியாருக்குக் காசு அனுப்பி, மண்ணெண்ணெய் சேமிக்க இரண்டு பரல்கள் வாங்குவித்துவிட்டதாக மகிழ்ச்சியுடன் கூறினார். 2022ஆம் ஆண்டில் எரிபொருள் வரிசையில் நாட்கணக்காக நின்றும், வெங்காயத்துக்கு இறைக்க எண்ணெய் கிடையாமல் வாடியவர் அத்தம்பியார். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

"பரல்களை எங்கே வைத்திருக்கிறார்?" என வினவினோம்.

"வேறெங்கே, கிணற்றடி மிசின் கொட்டிலுக்குள்தான்" என்றார்.

அம்மறுமொழி எம்மை உறுத்தியது.

கிடைக்கும்போது வாங்கி வைக்கும் ஆசை எமது கமக்காரருக்கு வந்ததில் வியப்பில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வந்த பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருளும் இல்லை, மின்சாரமும் இல்லை. அந்நாளில் நாம் பல்கலைக்கழக மாணவர். எமது தந்தையார் அயலவர் மூவருடன் பங்கு சேர்ந்து, வியாபாரி ஒருவரிடம் ஒரு பரல் மண்ணெண்ணெய் வாங்கினார். 45 கலன், அதாவது ஏறத்தாழ 205 லீற்றர். முக்காற் பரல் தீர்ந்ததும் மிசின் இருமி நின்றது. அடியில் தண்ணீர்! வியாபாரி கலந்தாரோ, இரவுக் குளிரில் பரலின் உட்புறம் வேர்த்ததோ, எவர் அறிவார்? தந்தையார் மீண்டும் துலாவைப் பூட்டினார், நாம் மிதித்தோம். (அக்கால் நோவை எழுதப் புகுந்தால் இப்பத்தி போதாது.)

இந்நாட்டுக் கமக்காரரும் மொத்தமாகவே வாங்குகின்றனர். கென்ற் பகுதிப் பழத்தோட்டங்களுக்குச் சென்றோர், முற்றத்தோரம் பெரிய தாங்கியைக் கண்டிருப்பர். அதிலிருப்பது சிவப்புச் சாயமிட்ட டீசல். 2022 மார்ச் மாதத்தில் வீதி டீசலுக்கான தீர்வை லீற்றருக்கு 52.95 பென்ஸ் ஆனபோது, சிவப்பு டீசலுக்கு 10.18 பென்ஸ் மட்டுமே. வீதியில் ஓடும் வாகனத்தில் ஊற்றினால் சாயமே காட்டிக்கொடுத்துவிடும். விலை இறங்கும் வேளை பார்த்து, அயற்பண்ணைகளுடன் கூட்டாகச் சொல்லிவைத்துப் பவுசரில் வருவிப்போரும் உளர். தாங்கியைக் கூடியவரை நிறைத்தே வைப்பர். வெற்றிடம் குறைந்தால் உள்வேர்வையும் குறையும். கோல் நுனியில் நீர் காட்டும் பசையைப் பூசி அடியைச் சோதிப்பர். தந்தையாரிடம் கோல் இருந்தது, பசை இல்லை.

ஆயினும் எம்மை ஈர்த்தது தாங்கியன்று, அதைச் சூழ்ந்த அணை. 1991இல் வந்து, இங்கிலாந்தில் 2010இல் புதுப்பிக்கப்பட்ட விதிகளின்படி, பண்ணையொன்றில் 1,500 லீற்றருக்கு மேல் எரிபொருள் சேமித்தால் தாங்கியைச் சுற்றிக் கசியாத அணை வேண்டும். தாங்கி கொள்வதிலும் பத்து வீதம் கூடுதலாக அது கொள்ளவேண்டும். நீர்நிலைக்குப் பத்து மீற்றருக்குள் சேமிப்பிடம் அமைக்கலாகாது.

இரண்டு பரலுக்கு இவ்வளவு ஆரவாரமா என்பீர்கள். எமது மண்ணின் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே சிந்துவது வெடிப்புகளூடாக விரைவில் கிணற்றை அடையும். உடுவிலுக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள சுன்னாகத்தில், மின் நிலைய வளவின் எண்ணெய்க் கழிவு அயற் கிணறுகளில் கலந்தது. அவ்வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு கட்டளையிட்டது. அத்தம்பியாரும் அந்நாட்களில் பவுசர்த் தண்ணீருக்குக் குடத்துடன் காத்து நின்றவரே.

அன்பரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம்: பரல்களைக் கிணற்றிலிருந்தும் மிசின் சூட்டிலிருந்தும் தள்ளி நிழலில் வைக்கவும்; கீழே 230 லீற்றருக்குக் குறையாமல் ஏந்தவல்ல சீமெந்துத் தொட்டி கட்டவும்; மழைநீர் நிறையாதிருக்க மேலே கூரை போடவும்.

நேற்றுத் தொலைபேசியில் அழைத்தார். தொட்டிக்கு எத்தனை பை சீமெந்து வேண்டுமென்று தம்பியார் கேட்கிறாராம். மேசனைக் கேட்கச் சொன்னோம். காசு இம்முறையும் ஈஸ்ட்ஹாமிலிருந்துதான்.