வெண்ணெய்க்குப் பதில் எதை, எங்கே?

பால் சேராத குழந்தை வீட்டில் இருந்தால், பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் முன்பே அம்மாவுக்குக் கவலை தொடங்கிவிடுகிறது. கேக்கிலும் வெண்ணெய், பட்டர் பிஸ்கட்டிலும் வெண்ணெய். பதிலுக்கு எதைப் போடலாம் என்று கேட்டால் ஒருவர் தேங்காய் எண்ணெய் என்கிறார், இன்னொருவர் மார்ஜரின் என்கிறார், வீகன் பட்டர் என்று தனியாகவே விற்கிறதே என்கிறார் வேறொருவர். மூவர் சொல்வதும் ஓரிடத்தில் சரி, வேறோரிடத்தில் தவறு. வெண்ணெய் எல்லாப் பண்டத்திலும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதுதான் காரணம்.

கடையில் வாங்கும் வெண்ணெயில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 80 கிராம்தான் கொழுப்பு. 16 கிராம் போலத் தண்ணீர். மீதி கொஞ்சம் பாலின் புரதமும் பால்சர்க்கரையும், உப்பு சேர்த்ததென்றால் உப்பும். கொழுப்பு மாவின் துகள்களைப் பூசிக்கொண்டு அவை ஒன்றோடொன்று இறுகாமல் பார்த்துக்கொள்கிறது. பிஸ்கட் வாயில் போட்டதும் பொடிவது அதனால்தான். தண்ணீர் சூட்டில் ஆவியாகி மாவைத் தூக்குகிறது. புரதமும் பால்சர்க்கரையும் சிவந்து மணம் தருகின்றன. வெண்ணெய் உருக்கும்போது தெருமுனை வரை வருகிற வாசனை அதுதான். இவை போக இன்னொரு குணமும் உண்டு, அதுதான் ஈடுசெய்யக் கடினமானது: வெண்ணெய் உருகாமல் இருக்கும்போதே குழைந்து கொடுக்கும். சர்க்கரையைப் போட்டு அடித்தால் காற்றைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும். பூரிக்கட்டையால் தேய்த்தால் உடையாமல் விரியும்.

முதல் வேலைக்கு மட்டும் வெண்ணெய் தேவைப்படும் இடங்களில் நமக்குப் புதிதாக எதுவும் வேண்டியதில்லை. முறுக்கு மாவில் வெண்ணெய் இல்லாவிட்டால் நன்றாகக் காய்ச்சிய எண்ணெயை இரண்டு கரண்டி ஊற்றிப் பிசைவது பல வீடுகளில் நெடுநாள் வழக்கம். தட்டைக்கும் சீடைக்கும் அதுவே. மாவைப் பூசும் வேலையை எண்ணெய் குறையில்லாமல் செய்துவிடும். தோசைக்கு நல்லெண்ணெய் இருக்கிறது. பட்டர் மசாலா வகைக் குழம்புகளில் வெண்ணெய் தரும் வழவழப்பை ஊறவைத்து அரைத்த முந்திரி விழுது தந்துவிடும்.

சிக்கல் அடுமனைப் பண்டங்களில்தான். அதிலும் முதலில் தேங்காய் எண்ணெயைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதை நம்பித்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். தேங்காய் எண்ணெய் முழுக்கக் கொழுப்பு, தண்ணீர் கிடையாது. ஆகவே 100 கிராம் வெண்ணெய்க்கு 100 கிராம் தேங்காய் எண்ணெய் போட்டால் கொழுப்பு கூடிப்போய், பிஸ்கட் தட்டில் எண்ணெய் கசிந்து படர்ந்துவிடும். 80 கிராம் எண்ணெயும் ஒரு மேசைக்கரண்டி தேங்காய்ப்பாலும் சரியான கணக்கு. நெய் பிஸ்கட்டுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். நெய்யும் முழுக்கக் கொழுப்பு என்பதால் அதற்குப் பதில் தேங்காய் எண்ணெயை எடைக்கு எடை போட்டுக்கொள்ளலாம். வீட்டில் முதன்முதலாகச் செய்து பார்ப்பவர்களுக்குப் பட்டர் பிஸ்கட்டைவிட நெய் பிஸ்கட்டையே நான் சொல்வேன்.

எடை சரியானாலும் தட்பவெப்பம் மீதி இருக்கிறது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சென்னையிலோ மதுரையிலோ சித்திரையில் அது தண்ணீராகத்தான் இருக்கும். குளிர்ப்பெட்டியில் வைத்தால் கல்லாகிவிடும். வெண்ணெயில் பலவகைக் கொழுப்புகள் கலந்திருப்பதால் அது கொஞ்சம் கொஞ்சமாக இளகுகிறது. கெட்டிக்கும் உருகலுக்கும் நடுவே குழைவான நிலை ஒன்று நெடுநேரம் நிற்கிறது. தேங்காய் எண்ணெயில் அந்த நடுநிலை மிகக் குறுகியது. அதைப் பிடிக்க ஒரு வழி: உருகிய எண்ணெயைக் கிண்ணத்தோடு குளிர்ப்பெட்டியில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறிக்கொண்டே இருங்கள். உறைந்த நெய் போல மணல்மணலாக வரும் நேரத்தில் எடுத்துச் சர்க்கரையோடு சேருங்கள். பிசைந்த மாவையும் வெட்டுவதற்கு முன் அரைமணி நேரம் குளிரவிடவேண்டும். இந்தக் குளிர்ச்சியை விட்டுவிட்டுப் பதார்த்தத்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை.

பப்ஸ் கதை வேறு. மாவுக்கு நடுவே கொழுப்பை வைத்துத் தேய்த்து, மடித்து, மறுபடி தேய்க்கும்போது அது உடையவும் கூடாது, உருகி மாவில் ஊறவும் கூடாது. தேங்காய் எண்ணெயால் இது முடியாது. பேக்கரிகள் பப்ஸுக்கென்றே கெட்டியான மார்ஜரினைப் பயன்படுத்துகின்றன. அது வெண்ணெயைவிட அதிகச் சூட்டில் உருகும்படி செய்யப்பட்டது, நம் வெயிலில் வேலை செய்ய அது வசதி. ஆனால் நம் உடம்பின் சூடு 37 டிகிரி. அதற்கு மேல் உருகும் கொழுப்பு வாயில் கரையாமல் மேலண்ணத்தில் மெழுகு போல ஒட்டும். சில பப்ஸைத் தின்றபின் காபி குடிக்கவேண்டும் போலிருப்பதற்கு அதுவே காரணம்.

கேக்குக்கு நான் எண்ணெயையே பரிந்துரைப்பேன். 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் சூரியகாந்தி எண்ணெய், 20 மில்லி தண்ணீர் அல்லது தாவரப் பால். எண்ணெய் காற்றைப் பிடித்து வைக்காது என்பதால் உப்பலை வேறு வழியில் வரவழைக்கவேண்டும். ஆப்ப சோடாவோடு ஒரு கரண்டி வினிகரோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் போதும். கேரட் கேக்கிற்கு உலகெங்கும் எண்ணெய்தான் வழக்கம். எண்ணெய் கேக்கைக் குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் வெண்ணெய் கேக் போல விறைக்காது. செக்குக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மணத்தால் முன்னே வந்து நிற்கும், அவற்றைத் தவிர்க்கலாம். வெல்லமும் வாழைப்பழமும் போட்ட கேக்கென்றால் செக்குத் தேங்காய் எண்ணெய் மிகப் பொருத்தம்.

இனி கடையில் வாங்குவது. டப்பாவில் மென்மையாக, ரொட்டியில் தடவுவதற்கென வருபவை ஒரு வகை. கட்டியாக, காகிதத்தில் சுற்றி வருபவை இன்னொரு வகை. தடவும் வகையில் 100 கிராமுக்கு 40 முதல் 60 கிராம் மட்டுமே கொழுப்பு உள்ளவை உண்டு. மீதி பெரும்பாலும் தண்ணீர். அதைப் பிஸ்கட்டில் போட்டால் மொறுமொறுப்பு வராது, வாணலியில் போட்டால் படபடவென்று தெறிக்கும். பின்பக்கச் சத்து அட்டவணையில் கொழுப்பு 100-க்கு 75 கிராமுக்கு மேல் இருந்தால் அடுமனைக்கு ஆகும். உப்பு சேர்த்ததா என்றும் பாருங்கள். சேர்த்திருந்தால் செய்முறையில் சொன்ன உப்பை விட்டுவிடலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைச் சொல்லவேண்டும். பொட்டலத்தின் மேலிருக்கும் பச்சைக் குறி, அது சைவம் என்று மட்டுமே சொல்கிறது. நம் நாட்டில் பாலும் சைவம்தான். தாவர எண்ணெயில் செய்த மார்ஜரினில் சுவைக்காகப் பால் பொருள் சேர்ப்பதும் உண்டு. பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அதில் கொஞ்சம் போனாலும் ஆபத்து. சேர்மானப் பட்டியலை முழுக்கப் படியுங்கள். பால் திடப்பொருள், மோர்ப்பொடி, வே, கேசீன் என்ற பெயர்கள் எதுவும் இருக்கக்கூடாது. ஒவ்வாமை எச்சரிக்கை என்று தனியே அச்சிட்டிருக்கும் வரியையும் பாருங்கள். 2022-இல் வந்த வீகன் உணவு விதிகளின்படி பச்சை நிறத்தில் இலையோடு கூடிய வி எழுத்துச் சின்னம் உள்ளவற்றில் விலங்கிலிருந்து வந்த பொருள் சேர்க்கப்படுவதில்லை.

பாலைக் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர்களின் நிலை வேறு. அவர்களுக்குச் செரிக்காதது பால்சர்க்கரை. வெண்ணெயில் அது மிகக் குறைவு, நெய்யில் ஏறக்குறைய இல்லை. அவர்களில் பலருக்கு மாற்றே தேவைப்படாது, மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும்.

இதயத்தை நினைத்து மாற்றுபவர்கள் தாவரம் என்ற சொல்லை மட்டும் நம்பவேண்டாம். 1937-இல் இந்தியாவுக்கு வந்த டால்டாவும் தாவர எண்ணெய்தான். எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்திக் கெட்டியாக்கும் அந்த முறையில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கெடுதல் என்பது பிறகு உறுதியானது. 2022 ஜனவரி முதல் இங்கே எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நிறைவுற்ற கொழுப்பு என்று பார்த்தால் வெண்ணெயில் பாதிக்குப் பாதி, தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல். இதயத்துக்காக என்றால் கெட்டிக் கொழுப்பைக் குறைத்துக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் பக்கம் போவதே பொருள் உள்ள மாற்றம்.

வெண்பொங்கலில் நெய்யின் மணத்துக்கு ஈடு தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை. அந்த மணம் சிவந்த பால் பொருளிலிருந்து வருவது, எந்தத் தாவரக் கொழுப்பும் அதைத் தராது. தேங்காய் எண்ணெயில் மிளகு, சீரகம், இஞ்சி, முந்திரி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் வேறொரு பொங்கல் வரும். அதை அதன் சுவைக்காகவே சாப்பிடலாம், எனக்குப் பிடித்திருக்கிறது.

பிறந்தநாளுக்குப் பிஸ்கட் செய்யப்போகிறவர்கள் முந்தின நாளே மாவைப் பிசைந்து, ஒரே ஒரு பிஸ்கட்டை மட்டும் முதலில் சுட்டுப் பாருங்கள். படர்ந்து போனால் மீதி மாவில் இரண்டு கரண்டி மைதா சேருங்கள். தொட்டதும் உதிர்ந்தால் ஒரு கரண்டி தேங்காய்ப்பால் தெளித்துப் பிசையுங்கள். அந்த முதல் பிஸ்கட்டைக் குழந்தைக்கே கொடுத்துக் கேட்கலாம்.