வாளும் யந்திரமும்

பல்கலைக்கழகச் சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் ‘கடுவ’ என்பர். வாள் என்பது அதன் பொருள். தமிழ் மாணவரும் அவ்வாளின் வெட்டுக்குத் தப்பியவரல்லர். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. விரிவுரை மண்டபத்திலோ அது பிரிக்கும் மொழியாகவே நிற்கின்றது. இலக்கணம் கற்றுப் பரீட்சையிற் சித்தியெய்திய கிராமத்து மாணவர் வாய்திறக்கத் தயங்குவது அறிவின்மையாலன்று. ஆங்கிலம் கைவரப்பெற்றோரின் நகைப்புக்கு அஞ்சியே.

2022 நவம்பரில் வெளிவந்த சட்ஜிபிடி, 2023இல் குரல்வழி உரையாடும் ஆற்றலையும் பெற்றது. விடுதி அறையில் அதனோடு பேசிப் பழகும் மாணவரைச் சோம்பேறிகள் எனப் பழிக்கும் கல்விமான்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். கட்டுரையை யந்திரத்தைக் கொண்டு எழுதுவிப்பது வேறு. பேசிப் பழகுவது வேறு. முன்னதில் உழைப்பு யந்திரத்தினுடையது, பின்னதில் மாணவருடையது. நூறுமுறை தடுமாறினும் யந்திரம் நகைப்பதில்லை. மனிதர் மறுத்த பொறுமையை அதனிடம் தேடியவரைக் குற்றஞ்சாட்டுவது எவ்வகையில் நியாயம்?

ஆயினும், யந்திரமே போதும் என்பாரும் தவறிழைக்கின்றனர். சிதைந்த வாக்கியத்தையும் அது ஊகித்து விடையிறுக்கும். நேர்முகப் பரீட்சை நடத்துவோர் அவ்வாறு செய்யார். அன்றியும், தனியறைப் பயிற்சி அச்சத்தைத் தணிக்குமேயன்றி அதன் காரணத்தைக் களையாது. சுயகல்வி, பல்கலைக்கழகம் தன் கடமையைத் தட்டிக்கழிப்பதற்கான சாட்டாகிவிடலாகாது. ஆங்கில வகுப்பிற் பேச்சுக்கு நேரம் ஒதுக்குவதும், பிழைபடப் பேசுவோரை மதித்துத் திருத்துவதும் மனிதர் ஆற்றவேண்டிய பணிகள். வாளின் கூர்மையை மழுக்கவேண்டியவர் அதனைக் கையிற் பிடித்திருப்போரே.