செபிக்க ஒரு வாசல், பார்க்க ஒரு வாசல்

இத்தாலி நாட்டின் பழம்பெரும் நகரங்களைக் கண்டுவர வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் நெடுநாளைய ஆசை. பிள்ளைகளின் படிப்பு, திருமணம் ஆகிய கடமைகள் முடிந்தபின் நானும் என் துணைவியாரும் உரோமை, அசிசி, சியன்னா, புளோரன்ஸ், பதுவை, வெனிஸ் ஆகிய ஆறு நகரங்களைப் பன்னிரண்டு நாள்களில் சுற்றிப் பார்த்துத் திரும்பினோம். கண்டவற்றை ஒரு பயணக் கட்டுரையாக எழுதுமாறு நண்பர்கள் கேட்டனர். எழுத அமர்ந்தபோது, கோபுரங்களும் ஓவியங்களும் பின்னே சென்றன. ஒரு கயிறுதான் கண்முன் வந்து நின்றது. ஆகவே பயணக் கட்டுரையை விடுத்து, அந்தக் கயிற்றைப் பற்றிய என் வழக்கை வாசகர் முன் வைக்கிறேன்.

நிகழ்ந்தது இதுதான். அந்நகரங்களுள் ஒன்றில், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு பழைய ஆலயத்தின் முன்னே இரண்டு அறிவிப்புப் பலகைகள் இருந்தன. பெரிய பலகை பார்வையாளருக்கு உரியது. அதனருகே சீட்டு விற்கும் சாளரம், நீண்ட வரிசை. சிறிய பலகை செபிக்க வருவோருக்கு உரியது. அது பக்கச் சந்தில் இருந்த ஒரு சிறு கதவைச் சுட்டியது. அங்கே கட்டணம் இல்லை. வரிசையும் இல்லை.

"நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் அந்தப் பக்கமாகப் போய்ச் சற்று நேரம் ஆண்டவரோடு இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு என் துணைவியார் சிறு கதவை நோக்கி நடந்தார். நான் சீட்டு வாங்கிக்கொண்டு பெரிய கதவு வழியே சென்றேன்.

உள்ளே இருந்தது ஒரே ஆலயம். குறுக்கே ஒரு கயிறு. கயிற்றுக்கு அப்பால் ஒரு சிற்றாலயத்தில் நற்கருணைப் பேழையின் முன்னே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பேர் முழந்தாட்படியிட்டிருந்தனர். இப்பால் நாங்கள் சில நூறு பேர், காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு அண்ணாந்து நின்றோம். நம் ஊர் ஆலயங்களில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் அமர்வது பழைய வழக்கம். ஆயினும் எல்லார் முகமும் ஒரே பீடத்தை நோக்கியிருக்கும். அன்று என் மனைவியின் முகம் பேழையை நோக்கியிருந்தது. என் முகம் கூரையை நோக்கியிருந்தது. அந்தக் கயிற்றைக் கட்டியவர் யார் என்னும் கேள்வி அங்கேதான் எனக்குள் எழுந்தது.

முதலில் திருச்சபையின் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1221-ஆம் எண், வழிபாடு நடைபெறும் வேளையில் ஆலயத்துக்குள் எவரும் தடையின்றி, கட்டணமின்றி நுழைய உரிமை உண்டு என்று விதிக்கிறது. வழிபாடு இல்லாத வேளை பற்றி அது பேசவில்லை. அந்த இடைவெளியில்தான் சீட்டுச் சாளரம் முளைத்திருக்கிறது. ஆனால் இத்தாலிய ஆயர் பேரவை 2012-இல் வெளியிட்ட குறிப்பு இதைத் தெளிவுபடுத்தியது: ஆலயத்தில் நுழைவது இலவசம் என்பதே வழிவழி வந்த மரபு, ஆலயத்தின் முதன்மைப் பகுதியிலிருந்து வேறுபட்டு நிற்கும் நிலவறை, மணிக்கூண்டு, கருவூலம் போன்றவற்றுக்கு மட்டுமே கட்டணம் வாங்கலாம், செபிக்க வருவோருக்கு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

நடைமுறை என்ன? சியன்னாவின் பேராலயத்தைச் சுற்றிப் பார்க்கச் சீட்டு வேண்டும். புளோரன்சின் திருச்சிலுவை ஆலயத்துக்கும் சாந்தா மரியா நொவெல்லா ஆலயத்துக்கும் வேண்டும். வெனிசின் புனித மாற்கு பேராலயத்துக்கும் வேண்டும். உரோமையில் பாந்தியோன் 609-ஆம் ஆண்டில் அன்னை மரியாவுக்கும் மறைசாட்சியர்க்கும் அர்ப்பணிக்கப்பட்ட ஆலயம். அங்கும் 2023 ஜூலை முதல் பார்வையாளர் கட்டணம் செலுத்துகின்றனர். திருப்பலிக்கு வருவோரிடம் எங்கும் பணம் கேட்பதில்லை என்பது உண்மை. ஆயினும் முதன்மை வாசல் பணம் கொடுப்போருக்கும், பக்கவாசல் செபிப்போருக்கும் என்று ஆகிவிட்டால், அந்த வீடு யாருடையது என்பதைக் கதவே சொல்லிவிடுகிறது.

எதிர்வாதங்களை நான் அறியாதவன் அல்லன். இந்த ஆலயங்களைப் பேணுவது எளிய காரியமன்று. எழுநூறு, எண்ணூறு ஆண்டுப் பழமை வாய்ந்த கூரைக்கும் ஓவியத்துக்கும் ஓயாத செலவு உண்டு. மேலும், 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தால் துறவு சபைகள் கலைக்கப்பட்டபோது எண்ணற்ற ஆலயங்கள் அரசின் உடைமையாயின. இன்றும் எண்ணூறுக்கும் மேற்பட்டவை இத்தாலிய உள்துறையின் கீழ் உள்ளன. எல்லா முடிவும் ஆயர் கையிலோ பங்குத்தந்தை கையிலோ இல்லை. சீட்டு விற்கும் பணியாளரைக் கோவிலில் கடை விரித்த வணிகரோடு ஒப்பிட்டு, சாட்டை எடுத்த ஆண்டவரை எளிதில் துணைக்கு அழைத்துவிடலாம். நான் அழைக்கவில்லை. அங்கே அமர்ந்திருப்பவர் மாதச் சம்பளத்துக்கு உழைக்கும் எளியவர்.

ஆனால் செலவுக்கு வழி வேறு இல்லையா? உண்டு. அதற்குச் சான்று புளோரன்ஸ் நகரத்திலேயே இருக்கிறது. 1436-இல் புரூனெல்லெஸ்கி கட்டி முடித்த மாபெரும் குவிமாடத்தைத் தாங்கி நிற்கும் அந்நகரப் பேராலயத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. குவிமாடத்தின் 463 படிகளில் ஏற விரும்புவோர், மணிக்கூண்டையும் திருமுழுக்கு ஆலயத்தையும் அருங்காட்சியகத்தையும் காண விரும்புவோர் பணம் செலுத்துகின்றனர். ஏறுவதற்குக் காசு, செபிப்பதற்கும் சும்மா உட்கார்வதற்கும் காசில்லை. உரோமையில் புனித பேதுரு பெருங்கோயிலும் அப்படியே. ஆயர்கள் சொன்ன வழி நடக்கக்கூடிய வழிதான் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

கூட்டத்தைக் கட்டுப்படுத்தவே சீட்டு என்று சொல்வோரும் உண்டு. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த எண்ணினால் போதும். விலை வைக்க வேண்டியதில்லை. இத்தனை மணிக்கு இத்தனை பேர் என்று இலவச முன்பதிவு செய்யலாம். வெனிஸ் நகராட்சி 2024 முதல், குறிப்பிட்ட நாள்களில், பகலில் வந்து போவோரிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. நகராட்சிக்கு அது பொருந்தலாம். திருச்சபை நகராட்சியன்று.

ஓர் இடத்தில் மட்டும் நான் வாயடைத்துப் போனேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பதுவையில் ஜியோத்தோ 1305-ஐ ஒட்டித் தீட்டி முடித்த ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயம் நகராட்சிக்குச் சொந்தமானது. மனித மூச்சின் ஈரமே அவ்வோவியங்களை அரித்துவிடும் என்பதால், சிறுசிறு குழுவாக, காற்றைச் சீர்செய்யும் அறையில் காத்திருக்கச் செய்து, கால் மணி நேர அளவில் உள்ளே விட்டு வெளியே அனுப்புகின்றனர். அங்கே சீட்டும் கடிகாரமும் தேவைதான். ஆனால் அதே பதுவையில் அதே நாளில் நாங்கள் புனித அந்தோனியாரின் பெருங்கோயிலுக்கும் சென்றோம். சீட்டு இல்லை. கல்லறையின் பளிங்கில் உள்ளங்கையை வைத்து மக்கள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தனர். நோயுற்ற குழந்தைகளின் நிழற்படங்களும் நன்றிக் கடிதங்களும் அங்கே குவிந்திருந்தன. உவரியில் நாம் காணும் அதே கைகள், அதே கண்ணீர். அங்கும் சிற்பமும் ஓவியமும் நிறைந்துள்ளன. தொனாத்தெல்லோவின் வெண்கலச் சிலைகள் பீடத்திலேயே நிற்கின்றன. கலை இருப்பதால் அங்கே செபம் பின்கதவுக்குத் தள்ளப்படவில்லை.

கலையைப் பற்றியே சற்றுப் பேசுவோம். புளோரன்சின் திருச்சிலுவை ஆலயம் பிரான்சிஸ்கன் ஆலயம். அதில் பார்தி என்னும் வட்டிக்கடைக் குடும்பத்தாரின் சிற்றாலயத்தில், புனித பிரான்சிஸ் தம் உடைகளைக் களைந்து தந்தையிடமே கொடுத்துவிட்டு வெறுங்கையராய் ஆயர் முன் நிற்கும் காட்சியை ஜியோத்தோ தீட்டினார். எதையும் தனதென்று வைத்துக்கொள்ளாத ஏழையைக் காண, வரிசையில் நின்று பணம் செலுத்திச் செல்கிறோம். அந்த ஏழை அடக்கம் பெற்ற அசிசிப் பெருங்கோயிலில், அவர் வாழ்வு முழுவதும் சுவர்களில் விரிந்து கிடக்க, வாசல் இலவசமாகத் திறந்திருக்கிறது. இவ்விரண்டில் எது அவருக்கு உகந்தது என்று வாசகரே சொல்லட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு ஓவியமே நூல் என்னும் கருத்தைப் பெரிய கிரகோரியார் 600-ஆம் ஆண்டையொட்டி மார்சேய் நகர ஆயருக்கு எழுதினார். ஏழைகள் வாசிப்பதற்காகவே திறந்து வைத்த அந்த நூலுக்குத்தான் இன்று விலை வைத்திருக்கிறோம்.

என் வழக்கின் மையம் இனிமேல்தான். பார்ப்பவர் ஒருவகையினர், செபிப்பவர் வேறுவகையினர் என்று பிரிக்க இயலும் என்னும் எண்ணமே பிழையானது. 1916-ஆம் ஆண்டில் எடித் ஸ்டைன் என்னும் யூதப் பெண், அன்று நம்பிக்கையற்ற தத்துவ மாணவி, ஜெர்மனியின் பிராங்பர்ட் பேராலயத்துக்குள் சும்மா பார்க்கத்தான் நுழைந்தார். அவ்வேளையில் சந்தைக் கூடையோடு ஒரு பெண் உள்ளே வந்து, முழந்தாட்படியிட்டுச் சிறிது நேரம் செபித்துவிட்டுப் போனார். ஆளில்லாத ஆலயத்தில், வேலை நடுவே, நெருங்கிய ஒருவரோடு உரையாட வந்தவர்போல் அவர் வந்து போனதை எடித்தால் மறக்க இயலவில்லை. 1922-இல் அவர் திருமுழுக்குப் பெற்றார், கார்மேல் துறவியானார், 1942-இல் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார், 1998-இல் புனிதரானார். அந்தப் பேராலயத்தில் இரண்டு வாசல்களும் ஒரு கயிறும் இருந்திருந்தால்? கூடைக்காரப் பெண் சந்து வழியே சென்றிருப்பார். எடித் காதில் ஒலிக்கருவியோடு அண்ணாந்து நின்றிருப்பார். ஒருவரை ஒருவர் கண்டிருக்கவே மாட்டார்.

பார்க்க வந்தவர் செபிக்கத் தொடங்கும் நொடியை எந்தச் சீட்டுச் சாளரமும் முன்கூட்டி அறியாது. தம் உள்ளத்தில் இருப்பது ஆர்வமா தேடலா என்று தமக்கே தெரியாதவர் எத்தனை பேர்! அவர்களிடம், "நீர் பார்க்க வந்தீரா, செபிக்க வந்தீரா?" என்று வாசலிலேயே கேட்பது, விடை பிறக்கும் முன்னே விடையைக் கேட்பதாகும். நான்கு பிள்ளைகளோடு வரும் ஏழைத் தொழிலாளி, செபிக்கத் தெரியாத பிற சமயத்தவர், பல்லாண்டு ஆலயத்தை மறந்திருந்த முதியவர் ஆகியோர் பெரிய கதவுக்குக் காசில்லாமலும் சிறிய கதவுக்குத் துணிவில்லாமலும் படிக்கட்டிலிருந்தே திரும்பிவிடுகின்றனர். நற்செய்தி யாருக்கு முதலில் சொல்லப்பட்டதோ அவர்களே வெளியே நிற்கின்றனர்.

இத்தனையும் சொல்லிவிட்டு, விரலை என் பக்கமும் திருப்பாமல் இருப்பது நேர்மையாகாது. அந்தச் சிறு கதவு எனக்கும் திறந்துதான் இருந்தது. நான் செல்லவில்லை. "இவ்வளவு தூரம் வந்து பார்க்காமல் போவதா?" என்னும் எண்ணம் என்னை வரிசையில் நிறுத்தியது. நம் ஊர்களிலிருந்து திருப்பயணம் என்ற பெயரில் புறப்படும் குழுக்களின் நிரல்களைப் பாருங்கள்: பத்து நாள், எட்டு நகரம், ஆலயத்துக்கு நாற்பது நிமிடம், கடைத்தெருவுக்கு இரண்டு மணி. ஆலயத்தின் நுழைவிலேயே கைபேசி உயர்கிறது. சிலுவை அடையாளம் மறந்துபோகிறது. ஊருக்குத் திரும்பியபின் ஆயிரம் படங்களைக் காட்டுகிறோம். அங்கே யாருக்காகச் செபித்தீர்கள் என்று கேட்டால் தலை குனிகிறோம். ஆலயத்தை அருங்காட்சியகமாகக் காண வந்தவர்கள் பெருகியதால்தானே அருங்காட்சியகத்துக்குரிய சீட்டும் வந்தது? கயிற்றின் ஒரு முனை பொறுப்பாளர்களின் கையில் இருக்கிறது. மறுமுனை நம் கையில் இருக்கிறது.

ஆகவே இரு சாராரிடமும் கேட்கிறேன். பொறுப்பிலுள்ளோரே, கோபுரத்துக்கும் கருவூலத்துக்கும் விலை வையுங்கள். பீடத்தின் முன்னுள்ள இடத்துக்கு வைக்காதீர்கள். 2012-இல் ஆயர்கள் எழுதியதை வாசலில் நடைமுறையாக்குங்கள். முதன்மைக் கதவு செபிப்போருக்கும் உரியதாகட்டும். பயணம் செல்லும் இறைமக்களே, எட்டு நகரத்தை நான்காகக் குறையுங்கள். ஒவ்வோர் ஊரிலும் ஒரு திருப்பலியில் பங்கேற்காமல் அவ்வூரைப் பார்த்துவிட்டதாகச் சொல்லாதீர்கள். ஆலயத்துக்குள் நுழைந்ததும் முதல் ஐந்து நிமிடம் கருவியும் கைபேசியும் பைக்குள் இருக்கட்டும். பேழை எங்கே என்று முதலில் தேடுங்கள், ஓவியம் எங்கே என்று பிறகு தேடலாம்.

சியன்னாவில் நாங்கள் பார்த்தது பளிங்குப் பேராலயத்தை மட்டுமன்று. கட்டணமில்லாத சான் தொமேனிக்கோ ஆலயத்தில் புனித கத்தரீனின் தலை காக்கப்பட்டுள்ளது. சாயத் தொழிலாளியின் மகளான அவர், அவிஞ்ஞோனில் இருந்த திருத்தந்தை 11-ஆம் கிரகோரியாருக்கு அஞ்சாமல் கடிதம் எழுதி, உரோமைக்குத் திரும்பும்படி வேண்டினார். திருத்தந்தையும் 1377-இல் திரும்பினார். 1999-இல் கத்தரீனையும் எடித் ஸ்டைனையும் திருத்தந்தை 2-ஆம் யோவான் பவுல் ஐரோப்பாவின் பாதுகாவலியராக ஒரே நாளில் அறிவித்தார். பொதுநிலையினருக்கு ஆலய நிருவாகத்தில் என்ன பேச்சு என்று கேட்போர் கத்தரீனை நினைத்துக்கொள்ளட்டும். அவரும் பொதுநிலைப் பெண்தான்.

பயணத்தின் கடைசி நாள் காலையில், முன்பு நாங்கள் பிரிந்து நுழைந்ததுபோன்ற மற்றோர் ஆலயத்தின் பக்கக் கதவு வழியே இருவரும் சேர்ந்தே திருப்பலிக்குச் சென்றோம். இத்தாலிய மொழி எனக்கு விளங்கவில்லை. எந்த இடத்தில் எழ வேண்டும், எந்த இடத்தில் முழந்தாட்படியிட வேண்டும் என்பது விளங்கியது. பீடத்துக்கு மேலே ஒரு பெரிய ஓவியம் இருந்தது. அதைத் தீட்டியவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆறு நகரங்களில் கண்ட ஓவியங்களுள் என் நினைவில் தெளிவாக நிற்பது அது ஒன்றுதான்.