காணாக்கடிக்கு மீனை மட்டும் குற்றம் சொல்லலாமோ?

நாயாறு மாதிரிக் கடற்கரை ஊரில உடம்பு தடிச்சால் முதலில வாற கதை, "மீனை விடு" எண்டதுதான். மீன் எங்கட சோறும் தொழிலும். அதை இவ்வளவு லேசா விடச்சொல்லுறதை நாங்கள் ஏற்கேல்லை.

மீன் ஒவ்வாமை உள்ளவை இருக்கினம். அவை தவிர்க்கத்தான் வேணும். ஆனால் ஐஸ் போடாமல் வெயிலில கிடந்த சூரையில ஹிஸ்டமின் பெருகும். சமைச்சாலும் அது அழியாது. சாப்பிட்டால் முகம் சிவந்து, ஒவ்வாமை போலவே தடிப்பு வரும். அங்க பிழை ஐஸ் இல்லாததில.

காணாக்கடியில ஒவ்வொரு தடிப்பும் பெரும்பாலும் 24 மணித்தியாலத்துக்குள்ள மறையும். செற்றிரிசின் போன்ற மாத்திரை கடியைக் குறைக்கும். 6 கிழமைக்கு மேல திரும்பத் திரும்ப வந்தால், அதுக்குச் சாப்பாடு காரணமாயிருக்கிறது குறைவு. கண்டபடி பத்தியம் பிடிச்சு மெலியாமல் வைத்தியரிட்டக் காட்டவேணும்.

உதடு, நாக்கு வீங்கி மூச்சு முட்டினால் வேப்பிலைக்கோ மாத்திரைக்கோ காத்திருக்கக் கூடாது. அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும். உடனே 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் இலவசம்.

கரையில ஐஸ் வேணும் எண்டு கேக்கிறது வியாபாரக் கோரிக்கை மட்டுமில்லை, சுகாதாரக் கோரிக்கையும்தான். அதை நாங்கள் சேர்ந்து கேப்பம்.