படம் பார்த்தால் புல்டோசர் நிற்குமா?

போன மாதம் எங்கள் ஹாஸ்டலில் ஒரு திரையிடல் நடந்தது. திரையிடல் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஓசி வாங்கிய ஒரு புரொஜெக்டர், சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட ஒரு வெள்ளை வேட்டி, ஒன்பது பேர். படம் 'நோ அதர் லேண்ட்'. முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் என் வகுப்புத் தோழன் ஒருவன் எழுந்து லைட்டைப் போட்டுவிட்டுக் கேட்டான்: "சரிடா, பாத்தாச்சு. நாம இங்க உக்காந்து படம் பாத்தா அங்க புல்டோசர் நின்னுடுமா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எட்டு பேர் முன்னால் மானம் போனதுதான் மிச்சம். இந்தப் பதிவு அவனுக்கான தாமதமான பதில்.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: மேற்குக் கரையில் ஹெப்ரோனுக்குத் தெற்கே மசாஃபர் யாட்டா என்று சின்னச் சின்னக் கிராமங்கள் இருக்கின்றன. 1980களில் அந்த நிலத்தை இஸ்ரேல் ராணுவம் 'துப்பாக்கிப் பயிற்சி மண்டலம்' என்று அறிவித்துவிட்டது. பல வருட வழக்குக்குப் பின் 2022 மே மாதம், மக்களை வெளியேற்றலாம் என்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வீடு இடிகிறது, பள்ளிக்கூடம் இடிகிறது, ஜனங்கள் குகைக்குள் போய்க் குடியிருக்கிறார்கள். இதையெல்லாம் அந்த ஊர்க்காரரான பாசல் அத்ரா கேமராவில் பிடித்துக்கொண்டே இருக்கிறார். கூட இருக்கும் யுவல் ஆபிரகாம் இஸ்ரேலியர். சாயங்காலம் ஆனால் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பாசலால் மேற்குக் கரையை விட்டு வெளியே போக முடியாது. என்னை அதிகம் உறுத்தியது இடிப்புக் காட்சிகள்கூட இல்லை, இந்த வித்தியாசம்தான்.

சரி, தோழனின் கேள்விக்கு வருவோம். புல்டோசர் நிற்காது. நிற்கவும் இல்லை. 2025 மார்ச் 2 அன்று இந்தப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதே மாதம், நான்கு இயக்குநர்களில் ஒருவரான ஹம்தான் பல்லாலைக் குடியேறிகள் அவர் ஊரிலேயே தாக்கினார்கள். அடிபட்ட அவரைத்தான் ராணுவம் பிடித்துக்கொண்டும் போனது. படத்துக்கு உதவிய அவ்தா ஹதாலீன் என்ற ஆசிரியர் ஜூலை 28 அன்று உம்முல் கைர் கிராமத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 'படம் காப்பாற்றும்' என்று நான் சொன்னால் அது பொய்.

ஆனால் படத்தை யார் காப்பாற்றுவது? இதைத்தான் நான் யோசிக்காமல் விட்டிருந்தேன்.

1968 வாக்கில் அம்மானில் முஸ்தஃபா அபு அலி, ஹானி ஜவ்ஹரியா, சுலாஃபா ஜாதல்லா என்று மூன்று பேர் சேர்ந்து பாலஸ்தீனத் திரைப்படப் பிரிவை ஆரம்பித்தார்கள். பிறகு ஜாகை பெய்ரூட்டுக்கு மாறியது. அகதி முகாம்களுக்குப் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் போடுவது, பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்பது என்று வேலை செய்தார்கள். 1976இல் லெபனான் மலையில் சண்டையைப் படம்பிடித்துக்கொண்டிருந்தபோதே ஜவ்ஹரியா கொல்லப்பட்டார். 1982இல் இஸ்ரேல் பெய்ரூட்டுக்குள் நுழைந்தது. அந்தக் குழப்பத்தில், சேர்த்து வைத்திருந்த திரைப்பட ஆவணக் காப்பகம் மொத்தமும் காணாமல் போனது. ஒரு பகுதி இஸ்ரேல் ராணுவக் காப்பகத்தில் கிடக்கிறது என்பதை ரோனா செலா என்ற இஸ்ரேலிய ஆய்வாளரே 2017இல் ஒரு படமாக எடுத்துக் காட்டினார்.

அப்படியானால் அந்தக் காலப் படங்களில் சிலவற்றை இன்று நாம் எப்படிப் பார்க்கிறோம்?

(இங்கே பி.காம் புத்தி வேலை செய்கிறது, மன்னிக்கவும்.) ப்ளஸ் டூ கணக்குப்பதிவியலில் 'முழுமை பெறா பதிவேடுகளிலிருந்து கணக்குகள்' என்று ஒரு பாடம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? கடை தீப்பிடித்துக் கணக்குப் புத்தகம் எரிந்துபோனால் என்ன செய்வோம்? சரக்கு வாங்கியவர்களிடம் இருக்கும் பில், பேங்க் பாஸ்புக் என்று வெளியே சிதறிக் கிடப்பதையெல்லாம் திரட்டி, கணக்கை மறுபடி எழுதுவோம். பாலஸ்தீன சினிமாவுக்கு நடந்தது கிட்டத்தட்ட இதுதான். பெய்ரூட்டில் அசல் போய்விட்டது. ஆனால் ஆதரவுத் திரையிடல்களுக்காக ஊர் ஊராக அனுப்பிய பிரதிகள் அங்கங்கே தங்கிவிட்டன.

டோக்கியோ கதையைக் கேளுங்கள். ஜப்பானில் இருந்த பாலஸ்தீன ஆதரவாளர்கள் கூட்டங்களில் போட்டுக் காட்டுவதற்காகச் சேர்த்த இருபது 16 எம்.எம். படங்களைப் பல பத்தாண்டுகள் பத்திரமாக வைத்திருந்தார்கள். பாலஸ்தீன இயக்குநர் மோஹனத் யாகூபி தன் முந்தைய படத்தைத் திரையிட அங்கே போனபோது அந்தச் சுருள்கள் அவர் கைக்கு வந்தன. அதை வைத்து அவர் 2022இல் எடுத்ததுதான் 'ஆர் 21'. இருபது சுருள், அவருடைய படம் இருபத்தோராவது. அந்தக் காலத்திலும் யாராவது ஒருவர் லைட்டைப் போட்டுவிட்டு "இதனால என்ன ஆகும்?" என்று ஜப்பானிய மொழியில் கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன் :-)

இப்போது எல்லாம் நெட்டில் கிடக்கிறதே, சுருளைப் பாதுகாக்கும் வேலை எதற்கு என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் இருப்பது வேறு, மக்கள் கண்ணில் படுவது வேறு. ஆஸ்கர் வாங்கிய படத்தை அமெரிக்காவில் வாங்கி வெளியிட ஒரு பெரிய விநியோகஸ்தர்கூட வரவில்லை. படக்குழுவே தியேட்டர் தியேட்டராக ஏற்பாடு செய்தது. வசூல் 20 லட்சம் டாலரைத் தாண்டியது. ஆக, பார்க்க ஆள் இருந்தது, விற்கத்தான் ஆள் இல்லை. நாங்கள் படிக்கிற டிமாண்ட், சப்ளை பாடத்தில் இதற்கு விளக்கம் கிடையாது.

மயாமி பீச்சில் இன்னொரு கூத்து. ஓ சினிமா என்ற சின்னத் தியேட்டர் இந்தப் படத்தைப் போட்டதற்காக, நகராட்சி இடத்தில் அதற்கிருந்த குத்தகையையே ரத்து செய்ய வேண்டும் என்று மேயர் 2025 மார்ச்சில் தீர்மானம் கொண்டுவந்தார். டிக்கெட் தீர்ந்து, காட்சிகளை அதிகப்படுத்த வேண்டியிருந்தது. ஊர்க்காரர்கள் கூட்டத்துக்கு வந்து சத்தம் போட்டதும் தீர்மானத்தை வாபஸ் வாங்கினார். படம் பார்த்து ஒன்றும் ஆகாது என்றால் மேயர் ஏன் இவ்வளவு பதற வேண்டும்?

எதிர்ப்பு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இஸ்ரேலியரோடு கைகோத்து எடுத்த படம் என்பதால், பாலஸ்தீனப் பண்பாட்டுப் புறக்கணிப்பு இயக்கமான பி.ஏ.சி.பி.ஐ.யும் இதன் மேல் விமர்சனம் வைத்தது. எனக்கு அந்த வாதம் முழுசாக ஒப்பவில்லை. இடிந்த வீட்டுக்காரரே சேர்ந்து எடுத்த படத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? ஆனால் அதைச் சொல்பவர்களும் நிலத்தை இழந்தவர்கள்தான். அதனால் படம் முடிந்ததும் இதையும் பேசியிருக்க வேண்டும். நாங்கள் பேசவில்லை.

பேசாததற்குக் காரணம் நான்தான். படத்துக்கு முன்னால் இருபது நிமிடம் வரலாறு என்ற பெயரில் மொக்கை போட்டேன். எல்லாரும் களைத்துவிட்டார்கள். இந்த மாதிரிக் கூட்டங்களில் இது பெரிய வியாதி: மைக் பிடித்தவர் விடமாட்டார், படம் ஊறுகாய் ஆகிவிடும். முகாமில் படம் போட்ட அபு அலி குழு, பார்த்தவர்களைப் பேசவிட்டது. நான் அவர்கள் வாயை அடைத்துவிட்டேன்.

அபு அலியின் 'தே டு நாட் எக்ஸிஸ்ட்' 1974இல் வந்தது. பாலஸ்தீனர் என்று யாரும் இருந்ததில்லை என்ற பொருளில் 1969இல் கோல்டா மேயர் சொன்னதைத்தான் தலைப்பாக வைத்தார். நபதியா முகாமில் ஒரு சிறுமி போராளிக்குக் கடிதம் எழுதுவாள். பிறகு அந்த முகாமின் மேல் குண்டு விழும். 2003இல் இது ஜெருசலேமில் திரையிடப்பட்டபோது, ரமல்லாவில் இருந்த அபு அலிக்கு அங்கே வர அனுமதி இல்லை. இயக்குநர் ஆன்மேரி ஜாசிரும் நண்பர்களும் அவரை ரகசியமாக அழைத்து வந்தார்கள். பல வருடம் கழித்துத் தன் படத்தைத் தானே பார்த்தார்.

வரும் சனிக்கிழமை அதே வேட்டியில் இந்தப் படம். அரை மணி நேரம்கூட ஓடாது. முன்னுரை கிடையாது. டீக்கு ஆளுக்குப் பத்து ரூபாய், அந்தக் கணக்கைப் புல்டோசர் கேள்வி கேட்ட தோழன்தான் எழுதுகிறான்.