சிவிடவெக்கியாவுக்கு ரோம்னு பேர் வெச்சது யாரு?

போன வாரம் சென்னையிலேர்ந்து தோழி ஒருத்தி ஒரு பிடிஎஃப் அனுப்பியிருந்தா. "அடுத்த மே மாசம் மத்தியதரைக் கடல்ல க்ரூஸ் போறோம்டி. ஏஜெண்ட் போட்டுக் குடுத்த ப்ளான் இது. நீதான் போயிட்டு வந்தவளாச்சே, எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லு."

ஏழு ராத்திரி, ஆறு துறைமுகம். ஒவ்வொரு தேதிக்கு எதிர்லயும் கொட்டை எழுத்துல ஊர் பேரு. ரோம். ஃப்ளாரன்ஸ். ப்ரோவான்ஸ். படிக்கும்போதே வாயில எச்சில் ஊறுது. அவளுக்கு ரெண்டு பசங்க. பெரியவளுக்கு அஞ்சு வயசு, சின்னவனுக்கு இன்னும் ரெண்டு முடியலை.

"இதுல ரோம் எங்கடி இருக்கு?"ன்னு கேட்டேன்.

"மூணாவது நாள் போட்டிருக்கே, கண்ணு தெரியலையா உனக்கு?"

அவளுக்குப் பதில் எழுத ஆரம்பிச்சேன். அது அனுமார் வாலாட்டம் நீண்டுக்கிட்டே போச்சு. சரி, இதையே பதிவாப் போட்டுட்டா நாலு பேருக்கு உபயோகமா இருக்குமேன்னுதான் இது. கொஞ்சம் காரமாத்தான் இருக்கும். கோவமா இருக்கும்போதுதான் நான் ஒழுங்கா எழுதறேன்னு ரங்கமணி சொல்றார். (அவர் மேல கோவப்பட்டு எழுதினதை அவர் இன்னும் படிக்கலை :-))

மொதல்ல விஷயத்துக்கு வரேன். ரோம் நகரத்துக்கு எந்தக் கப்பலும் போகாது. கப்பல் நிக்கற ஊரு சிவிடவெக்கியா. அங்கேர்ந்து ரோம் 70 கிலோமீட்டருக்கு மேல. ஃப்ளாரன்ஸ்னு போட்டிருந்தா கப்பல் லிவோர்னோவுலயோ லா ஸ்பெட்ஸியாவுலயோ நிக்கும். லிவோர்னோன்னு வெச்சுக்கிட்டாலே ஃப்ளாரன்ஸ் 90 கிலோமீட்டர் பக்கம். வெனிஸ் கதை இன்னும் தமாஷ். 2021 ஆகஸ்ட் 1லேர்ந்து 25,000 டன்னுக்கு மேல இருக்கற கப்பல்கள் எதுவும் சான் மார்கோ பக்கமோ ஜூடெக்கா கால்வாய்லயோ வரக் கூடாதுன்னு இத்தாலி அரசாங்கம் தடை போட்டுடுச்சு. நல்ல காரியம், நான் குறை சொல்லலை. ஆனா அதுக்கப்புறம் நிறைய கப்பல்கள் ரவென்னாவுல நிக்குது. ரவென்னாவுக்கும் வெனிஸுக்கும் நடுவுல சாலை வழியாப் போனா 140 கிலோமீட்டர் பக்கம். அதையும் ஒரு அடைப்புக்குறி போட்டு "வெனிஸ்"னு எழுதறாங்க. இந்தக் கணக்குல பாத்தா மகாபலிபுரத்துல கப்பலை நிறுத்திட்டு "பாண்டிச்சேரி"ன்னு தாராளமா எழுதலாம்!

கல்யாணமாகாத பசங்களோ, ரிட்டயர்டு ஆன தம்பதியோ போனா இது ஒரு பெரிய விஷயமில்லை. காலைல ஏழு மணிக்கு இறங்கி ஓடிப் போய் பாத்துட்டு வந்துடுவாங்க. டயப்பரும் தள்ளுவண்டியுமாப் போறவங்களுக்கு இது பெரிய மோசடி. சட்டப்படி மோசடி இல்லை, பிடிஎஃப்ல பொடி எழுத்துல சிவிடவெக்கியான்னு போட்டிருக்கும். நாமதான் கொட்டை எழுத்தை மட்டும் படிக்கிறோம்.

நாங்க 2024 ஜூலைல போனோம். ஃப்ராங்ஃபர்ட்ல இருக்கறதால பார்சிலோனாவுக்கு விமானம், அங்கேர்ந்து கப்பல். பெரியவனுக்கு அப்ப நாலரை வயசு, சின்னதுக்கு ஒன்றரை. ரங்கமணி எக்ஸெல்ல ஒரு அட்டவணை போட்டிருந்தார், கலர் கலரா. சிவிடவெக்கியா நாளுக்குச் சிவப்பு.

அந்த நாளை மணிக்கணக்கோட சொல்றேன், கேளுங்க. கப்பல் ஏழு மணிக்கு நின்னுடுச்சு. ரெண்டு குழந்தைகளைக் கிளப்பி, நாலு வாய் ஊட்டி, ஒண்ணுக்கு டயப்பர் மாத்தி, இன்னொண்ணு "எனக்கு இந்தச் செருப்பு வேணாம்"னு அழுது முடிச்சு, நாங்க இறங்கும்போது மணி ஒம்போது. துறைமுகத்துக்குள்ள ஒரு பஸ். அது வெளி வாசல்கிட்ட இறக்கி விடும். அங்கேர்ந்து ரயில் நிலையத்துக்கு இன்னொரு பஸ். ரயில் ஒரு மணி நேரம் கொஞ்சம் முன்னப்பின்ன. சான் பியெத்ரோ ஸ்டேஷன்ல இறங்கித் தள்ளுவண்டியைத் தள்ளிக்கிட்டு நடை. ரோம் தெருவெல்லாம் சின்னச் சின்னதாக் கருங்கல்லு பதிச்சிருக்கும். பாக்க அழகுதான், தள்ளிப் பாருங்க தெரியும். வாத்திகன் சதுக்கத்துக்குப் போய் நிக்கும்போது மணி பதினொண்ணே கால். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள கப்பல்ல ஏறணும். சொந்தமாப் போனவங்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. அதனால மூணு மணிக்குத் திரும்பியாகணும். கையில இருந்தது நாலு மணி நேரம் கூட இல்லை. அதுல பாதி, தேவாலயத்துக்குள்ள போற பாதுகாப்பு வரிசை. நிழல் கிடையாது.

சின்னது தூங்கற நேரம். தூக்கம் வராம வண்டியில வீல்வீல்னு கத்துது. பெரியவன் "கால் வலிக்குதும்மா, தூக்கு"ன்னான். சின்னதை ஒரு கையில வெச்சிருக்கேன். "கொஞ்ச நேரம்டா கண்ணா"ன்னேன். திரும்பவும் தூக்குன்னான். ரங்கமணி வரிசைல முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டிருக்கார். மூணாவது தடவை அவன் கீழ உக்காந்துட்டான். பின்னாடி இருந்தவங்க நகரச் சொல்றாங்க. நான் அவனை அடிச்சேன்.

அதுக்கு முன்னாடி அவனை அடிச்சதே இல்லை. முதுகுல ஒரு அடி. அவன் அழக்கூட இல்லை, எழுந்து நின்னுட்டான். அவன் அப்படி எழுந்து நின்னதுதான் எனக்கு இன்னும் போகலை.

நாலரை வயசுக் குழந்தை என்ன தப்பு பண்ணுச்சு? கால் வலிக்குதுன்னு உண்மையைச் சொல்லுச்சு. தப்பெல்லாம் நாங்க போட்ட எக்ஸெல்ல இருந்தது.

சரி, இப்ப எதிர்வாதத்துக்கு வரேன். இதைச் சொன்னா ரெண்டு கட்சிக்காரங்க கிளம்பி வருவாங்க.

முதல் கட்சி: "இவ்வளவு காசு குடுத்துப் போறோம், ரோம் பாக்காம வர முடியுமா?" தாய்க்குலமே, தந்தைக்குலமே, நீங்க காசு குடுத்தது எதுக்கு? கப்பலுக்கு. ரூமுக்கு, மூணு வேளைச் சாப்பாட்டுக்கு, நீச்சல் குளத்துக்கு. ரோம் போற ரயிலுக்கும், டூர் பஸ்ஸுக்கும், டிக்கெட்டுக்கும் தனியாத்தான் அழறீங்க. காசு வீணாகக் கூடாதுன்னா நியாயமாப் பாத்தா கப்பல்லயே இருக்கணும். ஊரே இறங்கிப் போயிட்ட அன்னிக்குத்தான் குளமும் சறுக்கு மரமும் காலியா இருக்கும். குளத்தைப் பத்தி ஒரு எச்சரிக்கை: பெரும்பாலான கப்பல்கள்ல டயப்பர் போடற குழந்தையைப் பெரிய குளத்துல விட மாட்டாங்க. நீச்சல் டயப்பருக்கும் அதே விதிதான். குழந்தைகள் க்ளப்பும் பல கப்பல்கள்ல மூணு வயசுக்கு மேல, டயப்பர் விட்ட பிள்ளைங்களுக்குத்தான். "க்ளப்ல விட்டுட்டு ஜாலியா இருக்கலாம்"னு ஏஜெண்ட் சொன்னா, எத்தனை வயசுலேர்ந்துன்னு கேட்டுட்டுக் காசைக் குடுங்க.

ரெண்டாவது கட்சி: "சின்னப் பசங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகுது? பெரிசானதும் கூட்டிட்டுப் போங்க." இவங்களுக்குக் கடைசில பதில் சொல்றேன்.

அப்ப க்ரூஸே வேணாமான்னா, அப்படி இல்லவே இல்லை. குழந்தைகளோட ஐரோப்பா சுத்த க்ரூஸ் மாதிரி வசதி கிடையாது. பெட்டியை ஒரே ஒரு தடவை பிரிச்சாப் போதும். காலைல முழிச்சா புது ஊரு. ஆனா துறைமுகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேக்கணும்: கப்பல் படிலேர்ந்து என் புள்ளை நடந்து போற தூரத்துல என்ன இருக்கு? சாப்பாட்டு நேரத்துக்குள்ள திரும்பி வந்து தூங்க வைக்க முடியுமா? அதுதான் ஊரு. மத்ததெல்லாம் கொட்டை எழுத்து.

இந்தக் கேள்வியைக் கேட்டா பதில் எவ்வளவு அழகா வருது பாருங்க. ஜெனோவா. யாரும் பெருமையாச் சொல்லிக்காத ஊரு. கப்பலடியிலேர்ந்து பொடிநடையாப் போனாப் பழைய துறைமுகம், அங்க 1992ல கொலம்பஸ் பயணத்தோட 500வது வருஷத்துக்காகத் திறந்த பெரிய மீன் காட்சியகம். சுறா, டால்பின், பெங்குவின். பலெர்மோவும் அப்படித்தான், இறங்கினா ஊரு. அங்க பன்னைப் பிளந்து உள்ள ஐஸ்கிரீமை அடைச்சுத் தர்றாங்க. அதுதான் அந்த ஊர்ல காலை டிபனாம். என் பையனுக்கு அந்த நாட்டுல குடியுரிமை கிடைக்குமான்னு பாக்கணும்.

எல்லாத்துக்கும் மேல வல்லெட்டா. மால்ட்டா தலைநகரம். கப்பல் கோட்டைச் சுவர் அடியில போய் நிக்குது. கரையோரமா கொஞ்சம் நடந்தா ஒரு லிஃப்ட், 58 மீட்டர் உயரம், 2012ல கட்டினது. அதுல ஏறினா மேல பராக்கா தோட்டம். தினம் பகல் பன்னண்டு மணிக்குக் கீழ வரிசையா இருக்கற பீரங்கியில ஒண்ணை வெடிப்பாங்க. டமால்! நாங்க பதினொண்ணரைக்குப் போய் இடம் பிடிச்சோம். வெடிச்சதும் சின்னது ஒரு நொடி யோசிச்சுட்டு அழ ஆரம்பிச்சுது, பெரியவன் குதிக்கறான். அரை மணியில கப்பலுக்கு வந்து தயிர் சாதம் பிசைஞ்சு குடுத்துத் தூங்க வெச்சாச்சு. (வெறும் சாதமும் தயிரும் பஃபேல கிடைச்சுது. உப்புப் போட்டுப் பிசையறது நம்ம பொறுப்பு.)

"ரோம் பாக்கணும்னு எனக்கும் ஆசை இருக்காதா?"ன்னு பெத்தவங்க கேக்கலாம். நியாயம். அதுக்கும் வழி இருக்கு. ஒருத்தர் குழந்தைகளோட கப்பல்ல இருங்க, ஒருத்தர் தனியாப் போயிட்டு வாங்க. அடுத்த ஊர்ல மாத்திக்குங்க. தனி ஆளா ஏழரை மணிக்கு இறங்கினா ரோமை நிம்மதியாப் பாக்கலாம். ஆனா மாத்திக்கணும், அது முக்கியம். "நீ போம்மா, நான் பாத்துக்கறேன்"னு சொல்ற ரங்கமணிகள் கை தூக்குங்க. அன்னிக்கு ரோம்ல எடுத்த போட்டோ மொத்தம் 214. நான் எத்தனைல இருக்கேன்னு எண்ணினேன். மூணு. மூணுலயும் குனிஞ்சிருக்கேன்.

இந்தியாவுலேர்ந்து வர்றவங்களுக்கு இன்னும் ரெண்டு விஷயம், ஏஜெண்ட் சொல்லாம விடறது. ஒண்ணு, விசா. குழந்தைக்கும் தனி ஷெங்கன் விசா வேணும். ஆறு வயசுக்குக் கீழ கட்டணம் இல்லை, பன்னண்டுக்குக் கீழ கைரேகை இல்லை. ஆனா வழியில கோட்டோரோ துருக்கியோ இருந்தா ஷெங்கனை விட்டு வெளிய போயிட்டுத் திரும்ப உள்ள வர்றீங்கன்னு அர்த்தம். ஒரு தடவை நுழையற விசா போதாது, பலமுறை நுழையறதுன்னு கேட்டு வாங்கணும். ரெண்டு, மாசம். நம்ம ஊர்ப் பள்ளி லீவு மே மாசம் வர்றது பெரிய வரம். ஜூலை, ஆகஸ்ட்ல அந்தப் பக்கம் மண்டையைப் பிளக்கும். ஏதென்ஸ்ல 2023 ஜூலைல வெயில் தாங்காம அக்ரோபோலிஸையே மத்தியானத்துல மூடி வெச்சாங்க. அதுக்கப்புறமும் அப்படி நடந்திருக்கு. நாங்க ஜூலைல போனதும் எக்ஸெல் பண்ணின புண்ணியம்தான்.

தோழிக்கு நான் சொன்னது இதுதான்: மூணாவது நாள் சிவிடவெக்கியா இருக்கட்டும், ஆனா நீங்க எல்லாரும் ரோம் போக வேணாம். ரோம் ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல அங்கயேதான் இருக்கு, உன் பொண்ணுக்குப் பத்து வயசாகற வரைக்கும் இருக்கும். அப்ப விமானத்துல போய் நாலு நாள் தங்கிப் பாருங்க. ஃப்ளாரன்ஸ் இருக்கற கப்பலுக்குப் பதிலா ஜெனோவாவும் வல்லெட்டாவும் இருக்கற கப்பல் கிடைக்குதான்னு ஏஜெண்ட்கிட்ட கேளு. "ஊர்ல எல்லாரும் ரோம் பாத்தியான்னு கேப்பாங்களேடி"ன்னா. கேக்கட்டுமே. அவங்களா தள்ளுவண்டி தள்ளப் போறாங்க?

இப்ப அந்த ரெண்டாவது கட்சிக்குப் பதில். குழந்தைகளுக்கு ஞாபகம் இருக்காதுன்னு சொன்னீங்கல்ல?

போன மாசம் டிவியில வாத்திகனைக் காட்டினாங்க. அந்தச் சதுக்கம், அந்தத் தூண்கள். பெரியவன் தரையில உக்காந்து வண்டி ஓட்டிக்கிட்டிருந்தான். தலையைத் தூக்கிப் பாத்துட்டுத் தங்கச்சிகிட்ட சொன்னான்: "இங்கதான் அம்மா என்னை அடிச்சா. நீ குட்டி, உனக்குத் தெரியாது."

கோவமா எல்லாம் சொல்லலை. ஒரு தகவல் மாதிரி சொல்லிட்டுத் திரும்பவும் வண்டி ஓட்டப் போயிட்டான்.

பி.கு: குட்டி எலக்ட்ரிக் குக்கர் எடுத்துட்டுப் போய் ரூம்லயே பருப்பு சாதம் வெச்சுக்கலாம்னு நினைக்கற புண்ணியவதிகளுக்கு: சூடு பண்ற சாமான் எதையும் கப்பல்ல விட மாட்டாங்க, ஏறும்போதே பிடிச்சு வெச்சுக்கிட்டு இறங்கும்போதுதான் குடுப்பாங்க. எப்படித் தெரியும்னு கேக்காதீங்க.