படிக்கட்டின் கீழே ஒரு அடுப்பு

2023 ஏப்ரல். ஹைதராபாத்தின் குஷாய்குடாவில் ஒரு மரக்கடையில் பற்றிய தீ பக்கத்துக் கட்டடத்துக்குத் தாவியது. அங்கே குடியிருந்த தம்பதியும் குழந்தையும் இறந்தார்கள். எரிந்தது மரம்தான். ஆனால் கீழே தீ, மேலே குடித்தனம் என்ற அதே ஏற்பாடு இன்று பல வீடுகளில் இருக்கிறது. மரத்துக்குப் பதில் லித்தியம் பேட்டரி.

உதாரணம் அதே மாநகரிலேயே உண்டு. 2022 செப்டம்பரில் செகந்திராபாத் விடுதி ஒன்றின் கீழே இருந்த மின் ஸ்கூட்டர் ஷோரூமில் தீப்பற்றியது. புகை மேலேற, 8 பேர் பலி. அதே ஆண்டு மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜில் போட்ட ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் மாண்டனர். ஏப்ரலில் நிஜாமாபாதில் வீட்டுக்குள் சார்ஜ் செய்த பேட்டரி வெடித்து 80 வயது முதியவர் உயிரிழந்தார்.

காரணம் பேட்டரிக்குள்ளேயே இருக்கிறது. ஒரு செல் அளவு மீறிச் சூடானால் உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பு உருகும், மின்கசிவு ஏற்படும், எரியக்கூடிய வாயு பீறிடும். அந்தச் சூட்டில் அடுத்த செல். அணைந்தது போல் தோன்றி மறுபடி பற்றுவதும் உண்டு.

இந்த விபத்துகளுக்குப் பின் மத்திய அரசு 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டங்களாக விதிகளை இறுக்கியது. ஆனால் முன்பே விற்ற வண்டிகளுக்கு அது பொருந்தாது.

எனவே மிச்சம் வீட்டுக்காரர் பொறுப்பு. ஓட்டி வந்த சூடு ஆறிய பிறகே சார்ஜ் போட வேண்டும். வண்டியோடு வந்த சார்ஜரே போதும். தூங்கும் நேரத்தில் வேண்டாம். ஊருக்குப் போகிறவர்கள் பாதி சார்ஜோடு, வெயில் படாத இடத்தில் வைப்பது நல்லது. உப்பினாலோ, கீழே விழுந்து அடிபட்டாலோ சார்ஜ் போடவே கூடாது. புகை வந்தால் பேட்டரியைத் தூக்க முயலாமல் எல்லோரும் வெளியேறி, 101க்குச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இடம். வாடகைக்கு இருப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் மாடிப்படியின் அடிதான். தப்பிக்க இருக்கும் ஒரே வழியும் அதுதான். காம்பவுண்டு சுவரோரம் திறந்தவெளியில் ஒரு பிளக் பாயிண்ட் போட்டுக் கொடுக்க வீட்டுச் சொந்தக்காரருக்கு அதிகம் செலவாகாது. மேல் மாடியில் தூங்குவது பல வீடுகளில் அவர் குடும்பம்தான்.